இன்பாக்ஸில் 4,000 மெயில், காலண்டரில் இடமே இல்லை: என்ன செய்யலாம்?

கேள்வி: மூன்று குழுக்களுக்கு நடுவே ஒருங்கிணைப்பு வேலை பார்க்கிறேன். ஒரு நாளைக்கு 90 மெயில் வரை வரும். படிக்காத மெயில் 4,000-ஐத் தாண்டிவிட்டது. செய்ய வேண்டிய வேலை இருக்கிற மெயிலைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி 'படிக்காதது' என்று மாற்றி வைப்பேன். அதுதான் என் வேலைப் பட்டியல். தினமும் நான்கு மணி நேரம் மீட்டிங்கில் போய்விடும். காலண்டரில் வேலைக்கென்று நேரத்தை அடைத்து வைத்துப் பார்த்தேன், இரண்டே வாரத்தில் குலைந்துபோனது. மேலாளர் மெயில் போட்டால் உடனே பதில் எதிர்பார்க்கிறார். அலுவலகத்தில் அவுட்லுக். வேறு மென்பொருளுக்கு மாறினால் சரியாகுமா? லீவு முடிந்து வந்தால் இரண்டு நாள் மெயிலிலேயே கழிகிறது. அதற்கும் வழி சொல்லுங்கள்.

பதில்: மென்பொருளை மாற்ற வேண்டாம். உங்களுக்குத் தேவையானதைப் பொறுத்தவரை அவுட்லுக்குக்கும் ஜிமெயில், கூகுள் காலண்டர் ஜோடிக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. புதிதாக ஒன்றுக்குப் போனால் கொஞ்ச நாள் இன்பாக்ஸ் பளிச்சென்று இருக்கும், பழைய மெயில் எதுவும் அங்கே வந்திருக்காது என்பதால். அப்புறம் அங்கேயும் இதே குவியல்தான்.

கோளாறு எங்கே என்பதை உங்கள் கடிதத்திலேயே ஒரு வரி காட்டிக்கொடுக்கிறது: படிக்காத மெயில்தான் வேலைப் பட்டியல். தடித்த எழுத்தில் நிற்கிற மெயில் 'இதில் ஏதோ பாக்கி' என்று மட்டும்தான் சொல்லும். என்ன பாக்கி, எவ்வளவு நேரம் பிடிக்கும், எந்தத் தேதிக்குள் என்கிற மூன்றில் ஒன்றுகூட அதில் இல்லை. அதனால்தான் ஒரே மெயிலைத் திறந்து, பாதி படித்து, 'ஓ, இதுவா' என்று மூடி, மறுபடி படிக்காததாக்கி வைக்கிறீர்கள். போதாக்குறைக்கு அந்தக் குறி நிலைப்பதும் இல்லை. அவுட்லுக்கில் மெயிலைப் பக்கத்திலேயே காட்டும் பலகம் திறந்திருந்தால், அடுத்த மெயிலுக்கு நகர்ந்ததும் முந்தையது படித்ததாகிவிடும். போனில் விரல் தவறிப் பட்டாலும் அதே கதிதான். வேலை ஒன்று சத்தமில்லாமல் பட்டியலை விட்டு நழுவுவது இப்படித்தான்.

ஒரு நாள் எண்ணிப் பாருங்கள். 90 மெயிலில் உங்கள் கையால் வேலை கேட்கிறவை பெரும்பாலும் கால் பங்குகூடத் தேறாது. அந்தக் கால் பங்குக்குக் காலண்டரில் இடம் இல்லாததுதான் உங்கள் சிக்கல். மெயிலின் எண்ணிக்கை இரண்டாம் பட்சம்.

முதலில் அந்த 4,000

ஒவ்வொன்றாகப் பார்த்துத் தீர்க்க உட்காராதீர்கள். ஒன்றுக்கு அரை நிமிடம் என்றாலும் 33 மணி நேரம் ஆகும். 'பழையது' என்று ஒரே ஒரு ஃபோல்டர் திறந்து, இரண்டு வாரத்துக்கு முந்தைய எல்லாவற்றையும் அங்கே தள்ளிவிடுங்கள். இன்பாக்ஸைத் தேதி வரிசையில் வைத்து, தள்ள வேண்டிய முதல் மெயிலைச் சொடுக்கி, கீழே போய் ஷிஃப்ட் பொத்தானை அழுத்திக்கொண்டு இன்னொன்றைச் சொடுக்கினால் நடுவில் உள்ளவை எல்லாம் தேர்வாகும். ஐந்நூறு ஐந்நூறாக நகர்த்துங்கள். ஆயிரக்கணக்கில் ஒரே மூச்சில் இழுத்தால் அவுட்லுக் சர்வரோடு சரிபார்த்து முடிக்கும் வரை திரை உறைந்த மாதிரி நிற்கும். பொறுமை இழந்து மூடிவிட்டால் பாதி இங்கேயும் பாதி அங்கேயும் கிடக்கும்.

தொடங்கும் முன் இரண்டு விஷயங்கள். குறிப்பிட்ட காலம் கடந்த மெயிலைத் தானாக அழிக்கும் விதி உங்கள் நிறுவனத்தில் இருக்கலாம். அது ஃபோல்டருக்கு ஃபோல்டர் மாறவும் கூடும். ஐடி பிரிவில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பிறகு மேலாளர் பெயரையும் உங்களுக்கு முக்கியமான இரண்டு மூன்று பேரின் பெயரையும் போட்டுத் தேடி, அவர்கள் அனுப்பியதில் படிக்காமல் நிற்பதை மட்டும் மேலோட்டமாகப் பாருங்கள். மற்றதில் அவசரம் இருந்திருந்தால் இந்நேரம் யாராவது மறுபடி கேட்டிருப்பார்கள்.

திட்டவாரியாக, ஆள்வாரியாக நாற்பது ஃபோல்டர் திறக்கும் ஆசை இந்தக் கட்டத்தில்தான் வரும். எதை எங்கே போடுவது என்று யோசிப்பதே தனி வேலையாகிவிடும். இரண்டு குழுவுக்கும் பொதுவான மெயில் வந்தால் கை அந்தரத்தில் நிற்கும். தேடல் பெட்டி போதும். மீதமிருக்கும் இரண்டு வார மெயிலுக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்கி, கீழே சொல்லும் முறையில் ஒவ்வொன்றாகத் தீருங்கள்.

மெயிலில் இருந்து காலண்டருக்கு

திறந்த மெயிலை முடிவெடுக்காமல் மூடக் கூடாது. வெறும் தகவல் என்றால் ஆர்கைவ், அதாவது அழிக்காமல் இன்பாக்ஸை விட்டு நகர்த்துவது. வேறொருவர் வேலை என்றால் அவருக்கு அனுப்பிவிட்டு ஆர்கைவ். இரண்டு நிமிடத்தில் முடிகிற பதில் என்றால் அப்போதே எழுதி முடியுங்கள். அதைவிடக் கூடுதலாகப் பிடிக்கும் என்றால் அதற்குக் காலண்டரில் இடம் போட்டுவிட்டுத்தான் மெயிலை மூட வேண்டும். இந்த இரண்டு நிமிடக் கணக்கு எல்லாருக்கும் தெரிந்ததுதான், அதன் ஓட்டைதான் தெரிவதில்லை. நாள் முழுக்க மெயில் வர வர இரண்டிரண்டு நிமிடம் கொடுத்தால் 40 மெயிலுக்கு 80 நிமிடம், அதுவும் நாற்பது துண்டாக. மெயிலுக்கென்று ஒதுக்கிய நேரத்துக்குள் மட்டும் அந்தக் கணக்கைப் பயன்படுத்துங்கள்.

காலண்டருக்குக் கொண்டுபோவது எப்படி? கிளாசிக் அவுட்லுக்கில் (கணினியில் நிறுவும் பழைய வடிவம்) மெயிலைப் பிடித்து இழுத்து, காலண்டர் சின்னத்தின் மேல் விடுங்கள். புது அப்பாயின்ட்மென்ட் ஒன்று திறக்கும். மெயிலின் தலைப்பு அதற்குத் தலைப்பாகவும், மெயிலில் இருந்த எழுத்து உள்ளே குறிப்பாகவும் வந்து நிற்கும். சுட்டியின் வலது பொத்தானால் இழுத்தால், மெயிலை இணைப்பாகவே உள்ளே வைக்கலாமா என்று கேட்கும். கோப்புகளோடு வந்த மெயிலுக்கு அதுதான் வசதி, வேலை நேரத்தில் இன்பாக்ஸைத் திறந்து தேட வேண்டியிருக்காது. புது அவுட்லுக்கிலும் இணையத்தில் திறக்கும் அவுட்லுக்கிலும் 'மை டே' பலகத்தைத் திறந்து அதற்குள் இழுத்துவிடுங்கள்.

இழுத்தபின் நின்றுவிடாதீர்கள். தலைப்பை மாற்றுவதுதான் இதில் முக்கியமான வேலை. 'ரீ: ஃபார்வர்ட்: மூன்றாம் காலாண்டு அறிக்கை – அவசரம்' என்று வந்து நிற்கும். அதை அழித்துவிட்டு, 'அறிக்கையின் 4-ஆம் பக்க அட்டவணையில் ஜூலை எண்களை நிரப்பி நிதிப் பிரிவுக்கு அனுப்பு' என்று எழுதுங்கள். என்ன செய்தால் முடிந்ததாக அர்த்தம் என்பது தலைப்பிலேயே தெரிய வேண்டும். 'அறிக்கை வேலை' என்று எழுதினால், அந்த மணி வரும்போது எங்கே தொடங்குவது என்று யோசிப்பதிலேயே பத்து நிமிடம் போகும். யோசிக்க அலுப்பாக இருந்தால் கை தானாக இன்பாக்ஸுக்குப் போகும்.

ஜிமெயிலிலும் இதே வசதி உண்டு. மெயிலின் மேலே மூன்று புள்ளி மெனுவில் 'கிரியேட் ஈவென்ட்' இருக்கிறது. ஆனால் அதில் ஒரு கண்ணி உண்டு: அந்த மெயிலில் இருந்த எல்லாரையும் விருந்தினராகச் சேர்த்துவிடும். கவனிக்காமல் சேமித்து, அழைப்பு அனுப்பவா என்ற கேள்விக்கும் சரி என்று சொல்லிவிட்டால், உங்கள் தனிப்பட்ட வேலை நேரம் பதினான்கு பேருக்கு மீட்டிங் அழைப்பாகப் போய்ச் சேரும். விருந்தினர் பட்டியலைக் காலி செய்துவிட்டுச் சேமியுங்கள். அல்லது 'ஆட் டு டாஸ்க்ஸ்' பயன்படுத்துங்கள். மெயிலுக்கான இணைப்போடு டாஸ்க் உருவாகும், தேதியும் மணியும் கொடுத்தால் காலண்டரில் தெரியும். அந்த நேரம் மற்றவர்கள் பார்வையிலும் அடைபட்டிருக்கிறதா என்பதை மட்டும் ஒரு தடவை சரிபாருங்கள். அவுட்லுக்கிலும் இதே வகை விபத்து நடக்கும்: 'அப்பாயின்ட்மென்ட்' உங்களுக்கு மட்டும், 'மீட்டிங்' ஆட்களோடு. மெயிலின் மேலே உள்ள மீட்டிங் பொத்தானை அழுத்தினால் அனுப்பியவரும் பெறுநர்களும் அழைப்பில் ஏறிவிடுவார்கள்.

இன்னொன்று. அலுவலகக் காலண்டரில் நீங்கள் எழுதும் தலைப்பு, அமைப்பைப் பொறுத்து, குழுவினர் கண்ணிலும் படலாம். சம்பளம், மதிப்பீடு, மருத்துவர் சந்திப்பு போன்றவற்றுக்கு 'பிரைவேட்' குறியைப் போடுங்கள். நேரம் அடைபட்டிருப்பது தெரியும், காரணம் தெரியாது.

அடைத்த நேரம் ஏன் குலைந்தது

கணக்கைப் போட்டால் புரிந்துவிடும். சாப்பாட்டு நேரம் நீங்கலாக வேலை நேரம் 480 நிமிடம். மீட்டிங் 240. மெயிலுக்கு நாளைக்கு மூன்று தடவை, தடவைக்கு 30 நிமிடம் என்று 90. மீட்டிங் ஒவ்வொன்றுக்கும் பின்னால் மூச்சு விடவும் குறிப்பெழுதவும் பத்து நிமிடம் வைத்தால், நான்கு மீட்டிங்குக்கு 40. மிச்சம் 110. எதிர்பாராமல் வருவதற்கு அதில் மூன்றில் ஒரு பங்கையாவது சும்மா விட வேண்டும். ஆக ஒரு நாளைக்கு நீங்கள் தைரியமாக அடைக்கக்கூடியது சுமார் 75 நிமிடம், அவ்வளவுதான். மூன்று மணி நேரம், நான்கு மணி நேரம் என்று அடைத்திருந்தால் அது முதல் நாளே உடைந்திருக்கும். இரண்டு வாரம் தாங்கியதே பெரிய விஷயம்.

75 நிமிடம் போதாது என்று தோன்றும். போதாதுதான். அப்படியென்றால் கை வைக்க வேண்டிய இடம் மீட்டிங், அந்தப் பேச்சுக்கு இந்தக் கணக்கே உங்கள் ஆதாரம்.

அடுத்த காரணம், அடைத்த நேரம் மற்றவர்களுக்கு அடைபட்டதாகத் தெரிந்ததா என்பது. அவுட்லுக்கில் ஒவ்வொரு பதிவுக்கும் 'ஷோ ஆஸ்' என்று ஒன்று உண்டு. அது 'ஃப்ரீ' என்று இருந்தால், மீட்டிங் வைக்கிறவர் திரையில் அந்த நேரம் காலியாகவே தெரியும். 'பிஸி' என்று இருக்க வேண்டும். முழு நாள் நிகழ்வாகப் போட்டால் அவுட்லுக்கும் கூகுள் காலண்டரும் அதைத் தாமாகவே 'ஃப்ரீ' என்று வைத்துக்கொள்ளும். 'இன்று முழுக்க அறிக்கை' என்று போட்டவருக்கு அன்றே மூன்று அழைப்பு வருவது இதனால்தான். அலுவலக கூகுள் கணக்குகளில் 'ஃபோகஸ் டைம்' என்று தனி வகையே இருக்கிறது. அந்த நேரத்துக்கு வரும் அழைப்புகளைத் தானாக மறுக்கவும் சொல்லலாம். மேலாளரின் அழைப்பும் அதில் அடிபடும் என்பதால் முதல் மாதம் அந்த வசதியைத் தொடாதீர்கள்.

மூன்றாவது காரணம் மதிப்பீடு. ஒரு மணி நேரம் என்று போட்ட வேலை ஒன்றரை மணி நேரம் எடுக்கிறது, பின்னால் இருப்பதெல்லாம் சரிகிறது. இதற்குத் தனிச் செயலி எதுவும் வேண்டாம். வேலை முடிந்ததும் காலண்டரில் அந்தக் கட்டத்தின் அடி விளிம்பைப் பிடித்து, உண்மையில் முடிந்த மணிக்கு இழுத்துவிடுங்கள். ஐந்து விநாடி வேலை. மூன்று வாரம் கழித்து உங்கள் காலண்டர் நடந்ததைக் காட்டும் பதிவேடாகிவிடும்: அட்டவணை நிரப்ப 40 நிமிடம், வாரக் குறிப்பு எழுத 70 நிமிடம் என்று கண்ணால் பார்த்துவிடலாம். அடுத்த முறை எத்தனை நிமிடம் அடைப்பது என்ற யூகத்துக்கு வேலை இருக்காது.

மூன்று மணி நேர வேலையை ஒரே கட்டமாக வைக்காதீர்கள். இரண்டாக வெட்டி, முதல் பாதி எங்கே முடிகிறது என்பதைத் தலைப்பில் எழுதுங்கள். பாதியில் மீட்டிங்குக்கு எழுந்து போகும்போது 'அடுத்து: 3-ஆம் வரிசை சரிபார்' என்று கட்டத்துக்குள் ஒரு வரி எழுதிவிட்டுப் போங்கள். முடியாத வேலையை விட்டு அடுத்ததுக்குத் தாவினால், மனத்தின் ஒரு பகுதி முந்தையதிலேயே ஒட்டிக்கொண்டு அடுத்த வேலையைக் கெடுக்கிறது என்பதை மேலாண்மைத் துறை ஆய்வாளர் சோஃபி லெராய் 2009-ல் வெளியிட்ட ஆய்வில் காட்டியிருக்கிறார். அந்த ஒரு வரி, விட்ட இடத்தைத் தலையில் சுமக்காமல் மீட்டிங்கில் உட்கார உதவும்.

வேறு ஏதாவது வந்து கட்டத்தைத் தின்றுவிட்டால் அழிக்காதீர்கள், இழுத்து வேறொரு நாளில் வையுங்கள். அழித்தால் வேலையும் சேர்ந்து மறைந்துபோகும். ஒரே கட்டம் மூன்று தடவை இடம் மாறினால் கொஞ்சம் நில்லுங்கள். வேலை தெளிவில்லாமல் இருக்கலாம், பெரிதாக இருக்கலாம், அல்லது யாருக்குமே தேவைப்படாததாக இருக்கலாம். கடைசி ரகம் நீங்கள் நினைப்பதைவிட அதிகம்.

தினமும் 10 முதல் 11 வரை 'ஃபோகஸ்' என்று மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப வரும்படி வைப்பதையும் தவிருங்கள். இரண்டு வாரத்தில் அது சுவரோடு சுவராகிவிடும். மற்றவர்களும் மதிக்க மாட்டார்கள், நீங்களும் மதிக்க மாட்டீர்கள். வாரத் தொடக்கத்தில் அந்த வாரத்துக்கு மட்டும், பெயர் சொல்லி அடையுங்கள்.

மீட்டிங்குகளுக்கு நடுவே அந்தப் பத்து நிமிடத்தை மென்பொருளே உண்டாக்கித் தரும். கிளாசிக் அவுட்லுக்கில் ஃபைல், ஆப்ஷன்ஸ், காலண்டர் என்று போனால் 'ஷார்ட்டன் அப்பாயின்ட்மென்ட்ஸ் அண்ட் மீட்டிங்ஸ்' இருக்கும். ஒரு மணிக்குக் குறைந்தவற்றில் 5 நிமிடம், மற்றவற்றில் 10 நிமிடம் என்று வெட்டச் சொல்லலாம். கூகுளில் இதன் பெயர் 'ஸ்பீடி மீட்டிங்ஸ்'. அரை மணி மீட்டிங் 25 நிமிடமாகும், ஒரு மணி மீட்டிங் 50 ஆகும். நீங்கள் புதிதாகக் கூட்டும் மீட்டிங்குக்கு மட்டும்தான் இது செல்லும். அவுட்லுக்கில் முடிவைக் குறைக்கலாம், தொடக்கத்தையும் தள்ளலாம். தொடக்கத்தைத் தள்ளுவதுதான் நடைமுறையில் பலிக்கும், ஏனென்றால் முடிய வேண்டிய நேரத்தில் பேச்சு நிற்பதில்லை.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வாராந்திர மீட்டிங்கின் நேரத்தை மாற்றப் போகிறீர்கள் என்றால் ஓர் எச்சரிக்கை. அவுட்லுக்கில் முழுத் தொடரின் நேரத்தையும் மாற்றினால், நடுவில் ஒரு வாரத்துக்கு மட்டும் செய்திருந்த மாற்றங்கள் அழிந்துபோகும். பழைய தொடருக்கு இந்த வாரத்தோடு முடிவுத் தேதி போட்டுவிட்டு, புதிதாக ஒரு தொடர் தொடங்குவது பத்திரமானது. புதுத் தொடருக்கும் மூன்று மாதத்தில் முடிவுத் தேதி போடுங்கள். தேவைப்பட்டால் நீட்டிக்கலாம், தேவைப்படாத மீட்டிங் தானாக ஒழியும்.

மேலாளரும் மெயில் அறிவிப்பும்

பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கோஸ்டாடின் குஷ்லெவ், எலிசபெத் டன் இருவரும் 2015-ல் வெளியிட்ட ஆய்வில் 124 பேர் ஒரு வாரம் நாளைக்கு மூன்று முறை மட்டும் மெயில் பார்த்தார்கள், இன்னொரு வாரம் இஷ்டம்போல் பார்த்தார்கள். மூன்று முறை பார்த்த வாரத்தில் அவர்களுடைய மன அழுத்தம் குறைவாக இருந்தது. அதனால் மேலே போட்ட கணக்கில் மூன்று என்று வைத்தேன். காலை வந்த அரை மணிக்குப் பின், மதியம், கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பு என்று பிரித்துக்கொள்ளுங்கள். கடைசித் தடவையைக் கிளம்பும் நேரத்தில் வைத்தால், அப்போது வரும் ஒரு மெயில் உங்களை இருட்டும் வரை உட்கார வைக்கும். வாடிக்கையாளர் சேவை மாதிரி மெயில்தான் வேலையே என்றால் இந்த மூன்று ஒத்துவராது. அரை மணிக்கு ஒரு முறை, பத்து நிமிடம் என்று வைக்க வேண்டியிருக்கும்.

அறிவிப்புகளை நிறுத்தாமல் இது நடக்காது. கிளாசிக் அவுட்லுக்கில் ஃபைல், ஆப்ஷன்ஸ், மெயில் பகுதியில் 'மெசேஜ் அரைவல்' கீழே நான்கு டிக் இருக்கும்: ஒலி, சுட்டியின் உருவம் மாறுவது, கீழ்ப்பட்டையில் உறைச் சின்னம், திரை மூலையில் எட்டிப் பார்க்கும் பெட்டி. நான்கையும் எடுங்கள். மூன்றை எடுத்துவிட்டு உறைச் சின்னத்தை விட்டுவைப்பவர்கள் அதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதே ஆப்ஷன்ஸில் 'அட்வான்ஸ்ட்' பகுதிக்குப் போய், அவுட்லுக் திறக்கும்போது இன்பாக்ஸுக்குப் பதில் காலண்டர் வரும்படி மாற்றுங்கள். காலையில் முதலில் கண்ணில் படுவது உங்கள் திட்டமாக இருக்கும். போனில் மெயில் அறிவிப்பை நிறுத்தி, காலண்டர் அறிவிப்பை மட்டும் விட்டுவையுங்கள்.

மேலாளருக்கு விதிவிலக்கு உண்டு. அவர் பெயரில் ஒரு ரூல் (வரும் மெயிலைத் தானாகக் கையாளும் விதி) எழுதி, அவருடைய மெயிலுக்கு மட்டும் திரையில் பெட்டி வரும்படி செய்யலாம். அவுட்லுக் திறந்திருக்கும் கணினியில் மட்டும்தான் இந்த வகை ரூல் வேலை செய்யும். ஆனால் ரூலைவிட ஒரு பேச்சு அதிகம் உதவும். 'அவசரம்' என்றால் அவர் கணக்கில் எத்தனை நேரம் என்று நேரடியாகக் கேளுங்கள். உடனே பதில் எதிர்பார்ப்பதாக நாம் நினைக்கிறவர்களில் பலருக்கு, மெயில் போய்ச் சேர்ந்ததா, எப்போது முடியும் என்ற இரண்டும் தெரிந்தால் போதும். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "சார், 9:30, 1:30, 4:30 மணிக்கு மெயில் பார்த்துப் பதில் போட்டுவிடுகிறேன். அதற்கு நடுவில் அவசரம் என்றால் போன் பண்ணுங்கள், உடனே எடுப்பேன். ஒரு வாரம் இப்படிப் பார்க்கலாமா?" ஒரு வாரம் என்று கேட்டால் மறுப்பது கடினம். அந்த வாரத்தில் போனை உடனே எடுப்பதும் 4:30 பதிலை ஒரு நாளும் தவறவிடாததும் உங்கள் பொறுப்பு.

பெரிய வேலை கேட்டு அவர் மெயில் போட்டால், காலண்டரில் இடம் போட்டுவிட்டு 'வியாழன் காலை 10 மணிக்கு எடுக்கிறேன், மதியத்துக்குள் வரும்' என்று ஒரு வரி பதில் போடுங்கள். 'பார்க்கிறேன் சார்' என்ற பதிலுக்குப் பின்னால்தான் நினைவூட்டல் மெயில்கள் வரிசையாக வரும்.

வரும் மெயிலைக் குறைப்பதில் பெரிய பலன் தருவது ஒரே ஒரு ரூல்: உங்கள் பெயர் சிசியில் (தகவலுக்காக நகல் போகிறவர் வரிசை) மட்டும் இருக்கும் மெயில் 'சிசி' என்ற ஃபோல்டருக்குப் போக வேண்டும். விதிவிலக்காக மேலாளர் அனுப்பியதையும், மெயிலுக்குள் உங்கள் பெயர் வருவதையும் சேருங்கள். பெறுநர் வரிசையில் சிசியில் வைத்துவிட்டு, மூன்றாவது பத்தியில் உங்களிடம் வேலை கேட்பவர்கள் எல்லா அலுவலகத்திலும் உண்டு. ரூல்கள் மேலிருந்து கீழாக ஓடும். ஒரு மெயில் இரண்டு ரூலில் மாட்டினால் இரண்டும் வேலை செய்யும். முக்கியமான ரூலை மேலே வைத்து, அதில் 'ஸ்டாப் புராசஸிங் மோர் ரூல்ஸ்' டிக் போடுங்கள். அந்த சிசி ஃபோல்டருக்குக் கடைசி மெயில் நேரத்தில் பத்து நிமிடம் கொடுங்கள், இல்லையென்றால் அங்கே இன்னொரு 4,000 சேரும். ஜிமெயில் பயன்படுத்துகிறவர்கள் அமைப்புகளில் 'பர்சனல் லெவல் இண்டிகேட்டர்ஸ்' வசதியை இயக்கினால், உங்களுக்கு மட்டுமே வந்த மெயிலுக்கு முன்னால் இரட்டை அம்புக்குறியும், பலரோடு சேர்த்து வந்ததற்கு ஒற்றை அம்புக்குறியும் தெரியும். திறக்காமலே வடிகட்டிவிடலாம்.

அவுட்லுக்கில் 'ஃபோகஸ்டு', 'அதர்' என்று இன்பாக்ஸ் இரண்டாகப் பிரிந்திருந்தால், ஒன்று அதை நிறுத்துங்கள், அல்லது 'அதர்' பக்கத்தையும் தினமும் பாருங்கள். புது ஆள் அனுப்பிய முதல் மெயில் அங்கே போய் ஒளிந்துகொள்வது சகஜம்.

நீங்கள் அனுப்புவதிலும் கொஞ்சம் இருக்கிறது. 'எப்போது வசதி?' என்று கேட்காதீர்கள், அது நாலைந்து மெயிலை இழுத்துக்கொண்டு வரும். ஒரே நிறுவனம் என்றால் யாருக்கு எப்போது காலி என்று காட்டும் 'ஷெட்யூலிங் அசிஸ்டென்ட்' பார்த்து நேராக அழைப்பு அனுப்புங்கள். வெளியாள் என்றால் இரண்டு நேரம் சொல்லி எது என்று கேளுங்கள். வேறு ஊர் நேரத்தில் இருப்பவருக்கு மணியை மெயிலில் எழுதாமல் அழைப்பாகவே அனுப்புவது நல்லது. அழைப்பு அவருடைய காலண்டரில் அவர் ஊர் நேரத்துக்கு மாறி நிற்கும், எழுத்தில் இருக்கும் மணி மாறாது. பதில் வர வேண்டிய மெயிலை அனுப்பும்போதே ஃபாலோ-அப் கொடி போட்டு அனுப்புங்கள். ஜிமெயிலில் அனுப்பியதைத் திறந்து நான்கு நாளுக்கு ஸ்னூஸ் செய்துவிடலாம், அன்று அது மறுபடி இன்பாக்ஸின் மேலே வரும்.

லீவு

லீவை முழு நாள் நிகழ்வாகப் போட்டால் 'ஃப்ரீ' என்று நிற்கும் என்றேன். அதை 'அவுட் ஆஃப் ஆஃபீஸ்' என்று மாற்றுவது முதல் வேலை. போவதற்கு முன்பே, திரும்பி வரும் நாளின் முதல் மூன்று மணி நேரத்தை 'பிஸி' என்று அடைத்துவிடுங்கள். லீவில் இருக்கும்போதுதான் அந்த நாள் மீட்டிங்கால் நிரம்பும்.

தானியங்கிப் பதிலில், திரும்பும் தேதிக்கு மறுநாளை எழுதுங்கள். உங்கள் வேலையை யார் பார்ப்பார், எதற்கு அவரைக் கேட்கலாம் என்பதும் இருக்கட்டும். அவுட்லுக் ஒருவருக்கு ஒரு தடவைதான் அந்தப் பதிலை அனுப்பும். ஜிமெயில் அதே ஆள் மறுபடி எழுதினால் நான்கு நாளுக்கு ஒரு தடவை அனுப்பும். நிறுவனத்துக்குள் இருப்பவர்களுக்கும் வெளியாட்களுக்கும் அவுட்லுக்கில் தனித்தனி வாசகம் வைக்கலாம். வெளியாட்களுக்கு, லீவு எத்தனை நாள், எந்த ஊர் என்பதெல்லாம் வேண்டாம்.

வந்த அன்று பழைய மெயிலில் இருந்து தொடங்காதீர்கள். உரையாடலாக அடுக்கிக் காட்டும் வசதியை இயக்கி, புதியதில் இருந்து கீழே வாருங்கள். திங்களன்று கேட்ட கேள்விக்குப் புதன்கிழமையே யாராவது பதில் சொல்லியிருப்பார்கள். கடைசி மெயிலைப் படித்தால் முந்தைய பதினொன்றையும் ஒரே அழுத்தில் ஆர்கைவ் செய்யலாம். பழையதில் இருந்து படித்தால் முடிந்துபோன பிரச்சினைக்கு மும்முரமாகப் பதில் எழுதிக்கொண்டிருப்பீர்கள். முதலில் நடந்து முடிந்த மீட்டிங் அழைப்புகளையும் தானியங்கி அறிவிப்புகளையும் அனுப்பியவர் வரிசையில் அடுக்கி மொத்தமாக நீக்குங்கள், பிறகு மேலாளர், பிறகு மூன்று குழுத் தலைவர்கள், பிறகு மற்றவர்கள். வேலை கேட்கும் மெயில் தட்டுப்பட்டால் அங்கேயே செய்ய உட்காராமல், இழுத்துக் காலண்டரில் போட்டுவிட்டு அடுத்ததுக்கு நகருங்கள். மூன்று மணி நேரத்தில் முடியாத மிச்சத்தை அன்றைய மதிய மெயில் நேரத்துக்கு விடுங்கள்.